மூடியின் உட்புறம் எழுதியிருந்தது



இந்த வாரம் உங்களிடம் ஒரு கணக்கை ஒப்புவிக்க வேண்டியவனாயிருக்கிறேன். அது பெட்ரோல் கணக்கு.

ஊழியப் பயணங்களுக்கென்று நீங்கள் காணிக்கை சேர்த்து வாங்கித் தந்த காரை அறிவீர்கள். எஞ்சின் சிறியது, ஒரு லிட்டர் கொள்ளளவே; ஆனால் டர்போ பொருத்தப்பட்டது. வாங்கிய முதல் வாரத்தில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தியபோது, "டர்போ வண்டி சார், பிரீமியம் போட்டாத்தான் எஞ்சினுக்கு நல்லது" என்றார் அங்கிருந்த இளைஞர். நான் மறுகேள்வி கேட்கவில்லை. சபையார் தந்த வாகனத்தைப் பேணுவது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், வரிசையில் நின்று "பிரீமியம் போடுங்கள்" என்று சொல்வதில் ஒரு சிறிய பெருமையும் இருந்தது.

பதினான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. சென்ற மாதம் பிரேக்கில் சத்தம் கேட்கவே, கோடம்பாக்கம் பவர்ஹவுஸ் நிறுத்தத்துக்குப் பின்னுள்ள சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் காரைக் கொண்டுபோனேன். பேச்சுவாக்கில் பெட்ரோலைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "பாஸ்டர், டேங்க் மூடிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். 91 என்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்த கையேட்டிலும் அதே எண்.

அந்த எண்ணின் பொருளை அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைக் குறிப்பதன்று. அதன் பொறுமையைக் குறிப்பது. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும்போது சூடேறுகின்றன. தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்னே ஒரு மூலையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிட்டால், 'நாக்கிங்' என்னும் தட்டல் உண்டாகிறது. ஆக்டேன் எண் உயர உயர, அப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் தாங்கும் தன்மை கூடுகிறது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. ஆகவே அங்கே அழுத்தமும் வெப்பமும் அதிகம். பொறுமையுள்ள எரிபொருளின் தேவையும் அதிகம். அந்த இளைஞர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

மறுபாதி இதுதான்: நம் நாட்டின் பி.எஸ்.-6 தரத்தை வகுத்தபோது சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91 என்றும், பிரீமியத்துக்கு 95 என்றும் வைத்தார்கள். சாதாரண பெட்ரோலிலேயே ஓடும்படி டர்போவின் அழுத்தத்தையும் தீப்பொறியின் நேரத்தையும் அமைத்துத்தான் பல வாகனங்களை இங்கே விற்கிறார்கள். அவற்றில் 95 ஊற்றினால் கெடுதல் இல்லை. சொல்லத்தக்க ஆதாயமும் இல்லை. பிரீமியம் வகைகளில் எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் வேதிப்பொருள்களையும் சேர்க்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் அதற்காகப் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் கூடிவிடுவதில்லை.

நான் மட்டும் இப்படி ஏமாந்தவன் அல்லேன். அமெரிக்காவின் ஏஏஏ என்னும் வாகன ஓட்டிகள் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் ஓராண்டுக்குள் 1 கோடியே 65 லட்சம் பேர் தேவையில்லாத வாகனங்களுக்குப் பிரீமியம் நிரப்பி, 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியிருந்தார்கள். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் அதே பட்டறையில் கண்டேன். அவருடைய காரின் மூடியில் 95 என்று இருந்தது. சிக்கனம் கருதிச் சாதாரண பெட்ரோலையே ஊற்றிவந்தார். நான்கு பேரை ஏற்றி, ஏ.சி.யும் போட்டுக்கொண்டு கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறுகிறது என்பது அவர் குறை. எஞ்சினிலுள்ள உணர்கருவி தட்டலைக் கேட்டவுடன், கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கிறது. அதற்கு விலையாக இழுவை குறைகிறது. "வண்டி உங்களுக்காகப் பொறுத்துக்கிட்டுப் போகுது சார், எப்பவும் அப்படியே போகும்னு இல்ல" என்றார் மெக்கானிக் தம்பி. அவருக்கு 95 வீண்செலவு அன்று; எனக்கு வீண்செலவு. இருவரும் செய்யாமல் விட்டது ஒன்றே: மூடியைத் திறந்து படிக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மாதம் சுமார் 45 லிட்டர். நான் நிரப்பிய இடத்தில் லிட்டருக்குக் கூடுதல் விலை ஏறத்தாழ 8 ரூபாய். மாதம் 360 ரூபாய். 14 மாதங்களுக்கு 5,040 ரூபாய். பெரிய தொகை இல்லையே என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைக்க முயன்றேன். ஆனால் அதே காலத்தில், நம் சபையின் வயதான தாயார் ஒருவர், மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்வர மாதம் 300 ரூபாய் உதவி கேட்டிருந்தார். "நிதி நிலைமை சரியானதும் பார்க்கலாம்" என்று கமிட்டியில் சொன்னவன் நானே. அவர் முழங்கால் வலியோடு பேருந்தில் போய்வந்தார். அவருக்கு இல்லை என்று நான் சொன்ன பணம், காரின் டேங்கில் பயனின்றி எரிந்துகொண்டிருந்தது.

கணக்கு ஒப்புவிக்கும்படி அழைக்கப்பட்ட உக்கிராணக்காரனின் உவமையைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த இரவில்தான் அது என்னைப் பிரசங்கித்தது.

5,040 ரூபாயை என் சம்பளத்திலிருந்து நிதியில் செலுத்திவிட்டேன். கமிட்டியில் காரணத்தையும் சொன்னேன். அந்தத் தாயாரின் உதவித்தொகை இம்மாதம் தொடங்கியிருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க ஐயா, காபி சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் காபியை விழுங்குவது எனக்கு எளிதாயிருக்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வாகனத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். 95 கேட்கிறதென்றால் கஞ்சத்தனம் செய்யாதிருங்கள். 91 போதும் என்கிறதென்றால் பெருமைக்காகச் செலவிடாதிருங்கள். மிச்சமாகும் தொகை சிறியதாயிருக்கலாம். அதற்காகக் காத்திருப்பவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.