எந்த நாடு என்று கேட்டாயே

ஆஹன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

"தம்பிக்கு எந்த நாடுட்டி நல்லது?" என்று நீ அனுப்பிய குரல்செய்தியைப் பேருந்திலும் சமையலறையிலும் துணி துவைக்கிற இடத்திலுமாகப் பல தடவை கேட்டுவிட்டேன். கேள்விக்காக இல்லை. உனக்குப் பின்னால் உங்கள் அம்மா, "விசில் எத்தனைன்னு எண்ணுனியா?" என்று கத்துவது கேட்கிறதே, அதற்காக.

இன்றைக்குத்தான் பதில் எழுத நேரம். இங்கே ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கச் சட்டம் விடாது. ரயில் நிலையக் கடை, பேக்கரி, பெட்ரோல் பங்க் நீங்கலாக ஊரே இழுத்து மூடிக் கிடக்கும். சனிக்கிழமை வெங்காயம் வாங்காவிட்டால் திங்கள் வரை வெங்காயம் இல்லை. மழை வேறு. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. குடை பிடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க விடாமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிற மழை.

தம்பி அனுப்பிய எக்ஸெல் தாளையும் பார்த்தேன். நாடு, கட்டணம், பகுதிநேர வேலை, படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் தங்கலாம் என்று அழகாகக் கட்டம் போட்டிருக்கிறான். ஆனால் எங்கே தங்குவது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. மொழி என்ற கட்டத்தில் எல்லா நாட்டுக்கும் நேராக 'இங்கிலீஷ்' என்று போட்டிருக்கிறான். எந்த கன்சல்டன்சி சொல்லிக் கொடுத்ததோ!

முதலில் அந்தக் கட்டணக் கட்டத்தைப் பார்ப்போம். ஜெர்மனிக்கு நேராக 'இலவசம்' என்று பச்சை வண்ணம் அடித்திருக்கிறான். நான் இருக்கிற மாநிலத்தில் அது பெருமளவு உண்மைதான். அரசுப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒருமுறை சில நூறு யூரோ கட்டினால் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ல் அதைவிடப் பெரிய தொகையைப் போட்டது. வடக்கே போனாலும் இதே கதை. டென்மார்க் 2006-ல், ஸ்வீடன் 2011-ல், பின்லாந்து 2017-ல், நார்வே 2023-ல் என்று ஒவ்வொன்றாக நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டன. அவன் விண்ணப்பிக்கிற வருடம் அந்தப் பச்சை வண்ணம் பச்சையாகவே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அந்த இலவசத்துக்குள் நுழையவே 11,904 யூரோ வேண்டும். செலவுப் பணத்தைக் காட்டும் வழக்கமான வழி, விசாவுக்கு முன்னாலேயே முடக்குக் கணக்கில் அந்தத் தொகையைப் போட்டுவிடுவது. பிறகு நம் பணத்தை நமக்கே மாதம் 992 யூரோவாக அளந்து தருவார்கள். அதில் மருத்துவக் காப்பீடு மட்டும் 140-க்கு மேல். 2022 நவம்பரிலிருந்து நம் நாட்டு மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம்; சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர 18,000 ரூபாய். மார்க் ஷீட்டை எல்லாம் இப்போதே எடுத்து வைக்கச் சொல்.

இனி நான் புலம்பப் போகிறேன். டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

ஏட்டி, இந்த ஊரில் சீட் கிடைப்பது சுலபம், வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. கல்லூரி என்றால் கூடவே ஹாஸ்டல் இருக்கும் என்று நினைத்துத்தானே நாம் வளர்ந்தோம்? இங்கே மாணவர் விடுதிகள் தனி நிர்வாகம். பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நகர்வதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும். ஆகவே இணையத்தில் அறை விளம்பரம் பார்த்துச் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அனுப்பிக்கொண்டே இருந்தேன். பெரும்பாலும் பதிலே வரவில்லை. பதில் போட்ட சிலரில் ஒருவர், "நான் லண்டனில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் இரண்டு மாத வாடகையைப் போடு" என்றார். தம்பிக்கும் இப்படி ஒருவர் எழுதுவார். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு பைசா போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்.

உங்கள் சித்திக்கு வீடு பார்க்க நாம் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் பாளையங்கோட்டை முழுக்க அலைந்தோமே, நினைவிருக்கிறதா? வாசலில் நிற்க வைத்தே, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். நேராகக் கேட்கக் கூசியவர்கள் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, கறி சமைப்பீர்களா என்று சுற்றி வந்தார்கள். இங்கே ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. பெயரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். நானாகச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. 2017-ல் ஜெர்மன் பத்திரிகையாளர்கள் பத்து நகரங்களில் ஏறக்குறைய 20,000 விண்ணப்பங்களைக் கற்பனைப் பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். விவரம் எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. அரபு, துருக்கிப் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. நம் பெயர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் விளம்பரம் போட்டவருக்கு எல்லாம் ஒரே தூரம்தான். கேட்டு அவமதிப்பது மோசமா, கேட்காமலே ஒதுக்குவது மோசமா என்று யோசித்துக்கொண்டே எத்தனையோ பஸ்ஸில் போயிருக்கிறேன். கேட்டவரோடு சண்டையாவது போடலாம். அன்றைக்குச் சித்தி போட்டார்களே! பதில் வராத செய்தியோடு எப்படிச் சண்டை போடுவது?

பெயர் என்றதும் இன்னொன்று. நம் இனிஷியலை இவர்கள் பாரம் ஏற்றுக்கொள்ளாது, குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகம், வங்கி, மருத்துவர் எல்லோருக்கும் நான் 'திருமதி முருகேசன்'. அம்மாவிடம் சொன்னால், "அது என் பேருல்லா!" என்கிறாள்.

அறை தேடிய கதைக்கு வருகிறேன். இங்கே நான்கைந்து பேர் ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கொரு அறையில் இருப்பார்கள். ஓர் அறை காலியானால் புது ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். சமையலறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். மாலையில் எங்களோடு உட்கார்ந்து பேசுவாயா, கதவைச் சாத்திக்கொள்வாயா? கழிவறையை யார் எந்த வாரம் கழுவுவது என்ற அட்டவணைக்குச் சம்மதமா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான், சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள். ஒரு வீட்டில், "நீ சமைத்தால் வாசனை ரொம்ப வருமா?" என்று கேட்டார்கள். வாசனை வராவிட்டால் அது சமையலே இல்லையே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அறை வேறு யாருக்கோ போனது.

வெறும் அறை போதாது, காகிதமும் வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் தேவை. மலிவாக உள்வாடகைக்கு விடுகிற பலர், "பதிவு மட்டும் செய்யக் கூடாது" என்பார்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் தபாலில் வராது. வரி எண் இல்லாவிட்டால் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் அதிகமாகப் பிடித்துக்கொள்வார்கள். தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் முகவரி சரியாக இருந்தாலும் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். இந்த நாடு இன்னமும் கடிதத்தில்தான் ஓடுகிறது. ஆக, புர்ட்ஷைட் பகுதியில் ஒரு பழைய வீட்டுத் தபால் பெட்டியில் இப்போது 'முருகேசன்' என்று ஒட்டியிருக்கிறது.

அந்த வீடு கிடைத்த கதையைத்தான் தம்பிக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. நான் ஊரில் படித்துவிட்டு வந்த ஏ2 நிலை ஜெர்மனை வைத்துத் தட்டுத்தடுமாறிப் பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். என்ன ஆள், என்ன மதம், என்ன சாப்பாடு எதுவும் கேட்கவில்லை. எந்தச் சனிக்கிழமை மாடிப்படி கழுவுவாய், பனிக்காலத்திலும் தினம் இரண்டு வேளை ஜன்னலை அகலத் திறந்து காற்றோட்டம் விடுவாயா, பாட்டிலை நிறம் பிரித்துப் போடுவாயா, அதை ஞாயிற்றுக்கிழமை போட்டுச் சத்தம் எழுப்ப மாட்டாயே? அவ்வளவுதான். அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகை. சட்டப்படி அதற்கு மேல் வாங்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். சென்னையில் பத்து மாதம் கொடுத்த உன் அண்ணனிடம் இதை மெதுவாகச் சொல்.

அப்புறம் குளியலறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை வந்தது. நான் ஜன்னல் திறக்காததுதான் காரணம் என்று அந்த அம்மா சொல்ல, வெளிச் சுவரில் விரிசல் இருக்கிறது என்று நான் சொல்ல, படிக்கட்டில் நின்று அரைமணி நேரம் வாக்குவாதம். பாதி இலக்கணம் தப்பு. ஆனாலும் ஒப்பந்தத்தில் எந்தப் பத்தி என்று விரலை வைத்துக் காட்டினேன். மறு வாரம் கொத்தனார் வந்தார். நான் சித்தியை நினைத்துக்கொண்டேன்.

இதைத் தமிழ்க் கடை அக்காவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் அகதியாக வந்தவர். "பிள்ளை, எங்களுக்கு விசாவும் இல்லை, காசும் இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவித்தான் பாஷை பிடிச்சது" என்றார். இதே மாநிலத்தில் 2002-ல் குடமுழுக்கு நடந்த ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவில் அவரைப் போன்றவர்கள் எழுப்பியதுதான். கோபுரம், தேர் எல்லாம் உண்டு. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நகராட்சியில் இருந்தவர்களோடு ஜெர்மனில் பேசித்தான் அந்தத் தேருக்குத் தெரு வாங்கியிருப்பார்கள். ஆங்கிலம் போதும் என்று எக்ஸெல்லில் போடுகிறவனுக்கு அந்தத் தேரைக் காட்ட வேண்டும்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்லவில்லை என்று அவன் குறைப்படுவான். ஜெர்மனியும் நெதர்லாந்தும் பெல்ஜியமும் சந்திக்கிற குன்று இங்கிருந்து சைக்கிள் தூரம். 322 மீட்டர்தான் உயரம், மூன்று நாட்டையும் ஒரு நிமிடத்தில் சுற்றி வரலாம். 1816 முதல் 1920 வரை, யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாத நான்காவது துண்டு நிலமும் அங்கே இருந்ததாம். என்னைக் கேட்டால் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன், பாரமாவது குறைந்திருக்கும்.

நெதர்லாந்தில் ஆங்கில வழிப் படிப்பு தாராளம்; ஆனால் நமக்குக் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும். வீடு கிடைக்காதவர்கள் வர வேண்டாம் என்று அங்கே சில பல்கலைக்கழகங்களே சொல்லியிருக்கின்றன. பிரான்ஸ் 2019-ல் கட்டணத்தை இளநிலைக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 என்று உயர்த்தியது. தள்ளுபடி தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. இத்தாலியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம், உதவித்தொகையும் உண்டு. அதற்கு வருமானச் சான்றை மொழிபெயர்த்து முத்திரை வாங்கி அலைய உங்கள் அப்பாவுக்கு முட்டி வலி இல்லாமல் இருக்க வேண்டும். அயர்லாந்தில் மொழிக் கவலை இல்லை, எம்.எஸ். முடித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம். ஆனால் டப்ளின் வாடகையைக் கேட்டால் பாளையங்கோட்டை வீட்டை விற்க வேண்டியிருக்கும். ஜெர்மனியில் அந்த அவகாசம் 18 மாதம். ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர்களுக்கு அந்த 18 மாதம் வேகமாகக் கரைவதை என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

என் தீர்ப்பு இதுதான். கட்டணம் மாறும், விசா விதி மாறும், வாடகை ஏறும். வீட்டுக்காரரோடும் அலுவலகத்தோடும் எந்த ஊர் மொழியில் சண்டை போடத் தயாரோ, அந்த ஊருக்குப் போகட்டும். அயர்லாந்துக்குக் கையில் பணம் வேண்டும். மற்ற இடத்துக்கு நாக்கு வளைய வேண்டும். இரண்டும் முடியாது என்றால் நம் ஊரிலேயே நல்ல கல்லூரி இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், சில மார்ச்சிலேயே முடிந்துவிடும். அதற்கு முன்னால் அவன் ஏதாவது ஒரு மொழி வகுப்பில் பணம் கட்டிச் சேரட்டும். ரசீதை எனக்கு அனுப்பச் சொல். அதைப் பார்த்துவிட்டு நாட்டைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பாரதி