கோடு மாறினால் கணக்கு மாறுமா?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் போனால் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அந்த ஊர்தான். 2019 நவம்பர் 29 அன்று, ஓர் அடிகூட நகராமல், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது!

சர்க்கார் மாவட்டம் பிரிக்கிற மாதிரி கம்பெனிகள் ஏரியா பிரிக்கும். நெம்மேலியில் ஒரு மளிகைக் கடை, மாசம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சோப்பு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைனை ஒரு சேல்ஸ் ரெப்பிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுகிறார்கள். மாசக் கடைசியில் பழையவருக்குப் பத்தாயிரம் சரிவு, புதியவருக்குப் பத்தாயிரம் வளர்ச்சி. இவருக்கு மெமோ, அவருக்கு இன்சென்டிவ். கடையில் ஒரு சோப்புகூட அதிகம் விற்கவில்லை!

2011 சென்சஸில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுமார் 40 லட்சம் பேர். 2018-ல் ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் சென்னையோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் செங்கல்பட்டு தனியானது. அதே சென்சஸைப் புதுக் கோட்டின்படி கூட்டினால் காஞ்சிபுரத்துக்குக் கிட்டத்தட்ட 12 லட்சம்தான். மற்றவர்கள் ஊரைக் காலி பண்ணிவிட்டா போனார்கள்?

பி.காம். படித்தவன் என்பதால் பேரேடு பாஷையிலேயே சொல்கிறேன். கடைக்கு ஒரு நிரந்தர நம்பர் கொடுங்கள். அதில் ஏரியா பெயரைச் சேர்க்காதீர்கள். எந்தத் தேதியில், யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு பாக்கியோடு மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். போன வருஷ விற்பனையையும் புதுக் கோட்டின்படி பிரித்துப் போட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள். கடை போனால் டார்கெட்டும் கூடவே போக வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

ஆனால், பேரேட்டில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. சனி, ஞாயிறு டூரிஸ்ட் வண்டிகள் வந்தால்தான் அந்தக் கடையில் காசு புரளும்; திங்கட்கிழமை போனால் பாக்கி வசூலாகும். பழையவருக்கு இது அத்துப்படி. புதியவர் வெள்ளிக்கிழமை போய் நிற்பார். "திங்கக்கிழமை வாங்க தம்பி" என்பார் கடைக்காரர். 'பார்ட்டி சரியில்லை' என்று எழுதி, கடனை நிறுத்திவிடுவார் தம்பி. வருஷக்கணக்காகச் சம்பாதித்த நாணயம் ஒரே வரியில் போச்சு!

உங்கள் ஆபீஸிலும் ஏரியா பிரிக்கிறார்களா? புதியவரை உட்கார வைத்துக்கொண்டு பழையவர் ஒரு ரவுண்டு எல்லாக் கடைக்கும் போய் வரட்டும். ஒரு நாள் பெட்ரோல் செலவுதான் சார்!