நோவும் நாணமும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் கல்வியின் பயன், நட்பின் மேன்மை, கிராம வாழ்வின் எழில் முதலிய பொருள்களைப் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ இப்பக்கங்களுக்குப் புதிது. இதனை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினோம். பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை மலரில் எழுதுதல் தகுமோ என வினவுவாரும் உளராகலாம். ஆயினும், நம்மோடு பயிலும் பெண்களுட் பலர் திங்கள்தோறும் இரண்டொரு நாள் அடையும் துன்பத்தை, அருகிலமர்ந்திருக்கும் தோழரும் பாடங் கற்பிக்கும் ஆசிரியரும் அறியாதிருத்தல் நன்றன்று எனத் துணிந்தமையின் எழுதலானோம். மாதவிலக்கின்போது வரும் வயிற்று நோவே எம் பொருள்.

எம் ஊர் உத்திரமேரூரை அடுத்ததொரு சிற்றூர். ஏரிப் பாசனமும் நெல் வயலும் உடையது. அங்கே ஒரு பெண் பூப்பெய்தினால் தெருவை அடைத்துப் பந்தலிடுவர். விடியுமுன் ஒலிபெருக்கி முழங்கும். பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய உருவப்படம் அச்சிட்ட பெரிய பதாகை நிற்கும். தாய்மாமன் சீர்வரிசையோடு வருவார். ஊரறிய நடைபெறும் விழா அது. ஆனால் சில திங்கள் கழித்து அதே பெண் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு பாயிற் சுருண்டு கிடப்பாளாயின், "மெல்ல முனகு, அப்பா வருகிறார்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவர். எமக்கும் அவ்விழா நடந்தது, அக்கதவும் சாத்தப்பட்டது.

முதல் ஓராண்டு யாம் துன்பம் ஏதும் அறிந்திலோம். அதன்பின் வந்தது நோவு. ஈரத் துணியைப் பிழிவதுபோல் அடிவயிற்றில் தொடங்கி, இடுப்பிலும் தொடையிலும் இறங்கும். உடன் வாந்தியும் தலைச்சுற்றலும் வரும். பழைய வைத்தியர்கள் இதனைச் சூதக வயிற்றுவலி என்பர். எம் ஆயா, "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டுமடி" என்று சொல்லிக்கொண்டே, பொறுக்க வேண்டாதபடி தம்மாலியன்றதையெல்லாம் செய்தார். ஊறவைத்த வெந்தயத்தை மோரோடு கொடுப்பார். பெருங்காயத்தைப் பொரித்துக் கலக்குவார். சுக்கைத் தட்டிப் பனைவெல்லமிட்டுக் காய்ச்சுவார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். நோவு தணிந்தபின் உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றி உண்ணச் செய்வார்.

இவையெல்லாம் வீண் என்று தள்ளத்தக்கன அல்ல. வயிற்றின்மேல் இடைவிடாது இளஞ்சூடு பெறச் செய்தல், ஐபுப்ரோபன் என்னும் மாத்திரைக்கு நிகரான தணிவைத் தந்ததென 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இஞ்சியும் சுக்கும் ஓரளவு நோவு தணிப்பன என்று சொல்லும் ஆராய்ச்சிகளும் உள. ஆயாவின் உப்பு முடிச்சு ஆராய்ச்சிக்கு முன்னரே தன் கடமையைச் செய்து வந்ததென்க. ஆனால் எவரோ சொன்ன பச்சிலைச் சாற்றை அளவறியாது வெறும் வயிற்றில் அருந்துதல் ஆகாது.

கைம்மருந்தோடு தீட்டும் உடன் வந்தது. மூன்று நாளும் பின்கட்டில் தனிப்பாய், தனித்தட்டு. ஊறுகாய்ச் சாடியைத் தொடலாகாது. இஃது எமக்குச் சினத்தை மூட்டியது. ஒருநாள் ஆயாவிடம் இதனைப் பழித்துப் பேசியபோது அவர், "நடவுக் காலத்தில் எனக்குப் படுக்கக் கிடைத்தது அந்த மூன்று நாள்தானடி" என்றார். அன்று யாம் வாயடைத்துப் போனோம். ஓய்வு வேண்டுமென்று கேட்கவொண்ணாத பெண்ணுக்குத் தீட்டு என்னும் பெயரிலேயே ஓய்வு வாய்த்தது. கூலிக்கு நாற்று நட்ட பெண்களுக்கோ அதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் அந்நாளிலும் கணுக்கால் சேற்றில் குனிந்தே நின்றனர்.

மேனிலை வகுப்பிற் பயிலுங்கால் கைம்மருந்து போதாதாயிற்று. மருந்துக் கடைக்குத் தனியே சென்றோம். கடையில் ஆடவர் நால்வர் நின்றமையின், "வயிற்றுவலி மாத்திரை" என்று மட்டும் சொன்னோம். கடைக்காரர் ஓர் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துத் தாளிற் சுற்றிக் கறுப்புப் பையிலிட்டுத் தந்தார். இரண்டு திங்கள் அவற்றை விழுங்கியும் பயனில்லை. பின்னர் ஒரு தோழி பார்த்து, அவை நெஞ்செரிச்சலுக்கு உரியவை என்று சொல்லி நகைத்தாள். யாமும் நகைத்தோம். கடைக்காரர்மேற் குறையில்லை, யாம் சொல்லாத நோய்க்கு அவர் எங்ஙனம் மருந்து தருவார்?

இந்நோவின் காரணம் இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. கருப்பையின் உட்தோல் கழியுங்கால் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கின்றது. அது கருப்பைத் தசையை இறுக்கி, அங்கே குருதி ஓட்டத்தைக் குறைக்கின்றது. அதனால் நோவு பிறக்கின்றது. குடலையும் அது தூண்டுதலின் வயிற்றுப்போக்கு உண்டாகின்றது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1971இல் காட்டினார். சுவீடன் நாட்டு அறிஞர் இருவரோடு அவர்க்கு 1982இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஐபுப்ரோபன், மெபனமிக் அமிலம் ஆகியவை இவ்வினத்து மருந்துகளே. நோவு முற்றியபின் உட்கொள்வதினும், அது தொடங்கும்போதே உணவுக்குப்பின் உட்கொண்டு, மருத்துவர் குறித்த இடைவெளியில் இரண்டு மூன்று நாள் தொடர்தல் மிகுந்த பயன் தரும். குடற்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது. மெபனமிக் அமிலம் சிலர்க்குக் கடுமையான ஒவ்வாமையை விளைக்கக்கூடுமென 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்துள்ளது. அதனை உண்டபின் காய்ச்சலோ தோலில் தடிப்போ காணின் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் அம்மாத்திரையும் தளர்ந்தது. பருவத் தேர்வொன்றில் வினாத்தாளைப் பெற்ற அரைமணியில் கண் இருண்டு விழுந்தோம், அத்தேர்வு போயிற்று. எம்மைத் தாங்கிச் சென்ற பேராசிரிய அம்மையார் காரணம் கேட்டார். யாம் "காய்ச்சல்" என்றோம். அவர் எம்மைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, "பொய் சொன்னால் மருந்து கிடைக்காது, அம்மா" என்றார். அன்று மாலையே ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மருத்துவர் முதலிற் கேட்டது கணக்கு. எந்நாள் தொடங்கியது, எத்தனை நாள் நின்றது, நோவு பத்தில் எத்தனை, மாத்திரை எத்தனை, வகுப்பு இழந்த நாள் எத்தனை என மூன்று திங்களுக்கு எழுதி வரச் சொன்னார். எம் ஊருக்கு அருகே உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறும் அவை, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மீண்டும் தேர்ந்தெடுக்கலாகாது என்கின்றன. பள்ளி நாளில் அச்சுவரைப் பன்முறை கண்டுள்ளோம். எம் உடலுக்கே யாம் கணக்குக் காட்டாதிருந்தோம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

கணக்கையும் ஸ்கேன் படத்தையும் பார்த்த மருத்துவர், கட்டி முதலியன இல்லை என்று தேற்றி, ஆறு திங்களுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதினார். அது கருத்தடை மாத்திரையே. அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றுள் 21இல் ஹார்மோனும், ஏழில் இரும்புச் சத்தும் இருந்தன. கருமுட்டை வெளிப்படுவதை நிறுத்தி, கருப்பையின் உட்தோலை மெலிதாக்குதலின், நோவு செய்யும் பொருளும் குறைகின்றது. முதல் திங்கள் குமட்டல் இருந்தது. இரண்டாம் திங்கள் அது நீங்கியது. மூன்றாம் திங்கள் நோவு பத்தில் மூன்றெனக் குறித்தோம். நிறுத்தியபின் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பி வரும் என்பதையும் அவர் விளக்கினார். குருதிக் கட்டு, கட்டுக்கடங்காக் குருதியழுத்தம், கண்முன் ஒளி தோன்றும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உடையார்க்கு இம்மாத்திரை ஆகாது. ஆதலின் மருத்துவரின்றி இதனைத் தொடங்குதல் கூடாது.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது எம் அத்தை அந்த அட்டையைப் பெட்டியிற் கண்டார். "கலியாணம் ஆகாத பெண்ணின் பெட்டியில் இது எப்படி வந்தது, அண்ணி?" என்று எம் அன்னையைக் கேட்டார். அன்னை ஒன்றும் பேசவில்லை. அட்டையைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் மறைத்தார். அன்றிரவு வீட்டில் எவரும் உண்ணவில்லை. மறுநாளும் எம் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்த்திலர். யாம் செய்த குற்றம் யாது? நோவுக்கு மருந்துண்டோம், அம்மருந்துக்கு வேறொரு பயனும் உண்டு. அவ்வளவே.

மூன்றாம் நாள் எம் கணக்கேட்டை அன்னையின் மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினோம். நோவு ஒன்பது, வாந்தி இருமுறை, வகுப்பு இல்லை. நோவு எட்டு; தேர்வு போயிற்று. கேட்டுக்கொண்டே வந்த அன்னை, முடிவில் தாழ்ந்த குரலில், "எனக்கு இரண்டு வருடமாகப் பத்து நாள் போகிறது. யாரிடம் சொல்வது?" என்றார். ஆயா சுவர்ப்புறம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் அன்னையை அழைத்துச் சென்றோம். கருப்பையில் நார்த்தசைக் கட்டி இருந்தது. குருதியில் ஹீமோகுளோபின் ஏழு கிராமே இருந்தது. அந்நிலையில்தான் அவர் இரண்டாண்டு களை பறித்தும் நீர் சுமந்தும் வந்திருக்கிறார். இன்று சிகிச்சை பெற்று நலமுற்றிருக்கிறார். எம் அட்டை அரிசிப் பானையினின்றும் வெளிவந்தது. அத்தைக்கு விடை கூறியவரும் அன்னையே.

நாணம் உயிரையும் கொள்ளும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்து மிஷன் வீட்டில் ஓரிரவு மூவர் வந்து, பிள்ளைப்பேற்றில் வருந்தும் தம் மனைவியர்க்கு உதவுமாறு ஐடா ஸ்கடர் என்னும் இளநங்கையை வேண்டினர். மருத்துவரான அவர் தந்தையாரை அனுப்புதற்கு அவர்கள் இசைந்திலர். ஆடவர் பார்த்தலாகாது என்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்நங்கை அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் திறந்தார். பெண் மருத்துவர் இன்று எங்கும் உளர். அவர்பாற் சென்று வாய் திறத்தலே நம் பங்கு.

சகோதரிகளே, எந்நோவும் ஒன்றென எண்ணற்க. ஆண்டுக்காண்டு மிகும் நோவு, விலக்கல்லாத நாளிலும் வரும் நோவு, மாத்திரைக்கு அடங்காத நோவு, மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் காணின் மருத்துவரை நாடுக. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், கருவுறும் பருவத்துப் பெண்களிற் பத்தில் ஒருவர்க்கு உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பொறுத்துக்கொள் என்ற சொல்லாலேயே பல்லாண்டு அறியப்படாது போவது அது.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஜப்பான் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு விடுப்பு வைத்தது. பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்க்குத் திங்களுக்கு இரண்டு நாள் அளித்து வருகின்றது. கேரளம் 2023இல் பல்கலைக்கழக மாணவியர் தேர்வெழுத வேண்டிய வருகையை நூற்றுக்கு 75இலிருந்து 73ஆகக் குறைத்தது. சட்டம் வருமுன்னரும் நீங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உம் தங்கை மருந்து வாங்கிவரச் சொன்னால், நகையாமல், பெயரைத் தெளிவாகச் சொல்லி வாங்கி வருக.

நம் சிற்றாலயத்தில் மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படும்போதெல்லாம் எம் உள்ளம் ஓரிடத்தில் நிற்கும். பன்னிரண்டாண்டு உதிரப்போக்கால் வருந்திய ஒரு பெண் கூட்டத்தின் பின்னே மறைந்து வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டு நலம் பெறுகிறாள். அவரோ அவளை அப்படியே மறைந்து போக விட்டாரல்லர். தொட்டது யாரென்று கேட்டு, அவள் அஞ்சி நடுங்கி முழுதும் சொல்லக் கேட்டபின், மகளே என்றழைத்துச் சமாதானத்தோடு அனுப்புகிறார். முழுதும் சொல்லுதற்கு இடந்தரும் வீடும் கல்லூரியும் நமக்கு அமைவனவாக.

எம் ஆயா இன்றும் சுக்கு இடிக்கிறார். சென்ற விடுமுறையில் கஷாயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "கணக்கேட்டில் இதையும் எழுதிக்கொள்" என்றார். எழுதிக்கொண்டோம்.