ஆகக்கூடியது எது?

தரவோடு பழகிற எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஆகக்கூடிய மழை எந்த மாதம், ஆகக்கூடிய புள்ளி ஆருக்கு, ஆகக்கூடிய சனம் எந்த மாவட்டத்தில். மனிசர் விரலை வைத்துத் தேட வேண்டிய இதைக் கணினியிடம் கேட்க ஒரு சொல் போதும்: மெக்ஸ்.

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். குடித்தொகை பற்றிய ஒப்படை ஒன்றுக்காகக் கணினி விஞ்ஞானம் படிக்கிற சிநேகிதி ஒருத்தி என்ர மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸ் எண்ட தரவுத்தளத்தைப் போட்டு, சீ ஷார்ப் மொழியில் அதிடம் எப்படிக் கேள்வி கேட்கிறது எண்டும் சொல்லித் தந்தாள். நான் ஒரு அட்டவணை செய்தேன். 25 மாவட்டங்கள், 1981, 1991, 2001, 2012 எண்டு நாலு வருடங்கள், மொத்தம் 100 நிரைகள்.

உண்மையில் 1991 இல் இலங்கையில் குடிசனத் தொகைமதிப்பு நடக்கவே இல்லை. யுத்தம். 2001 இல் நடந்தது, ஆனால் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ணினார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களும் திருகோணமலையும் மட்டக்களப்பும் அதில் இல்லை. அவற்றுக்கு உத்தேசக் கணக்குகள் இருக்கு. ஆனால் உத்தேசித்ததையும் எண்ணினதையும் ஒரே நிரலில் கலக்க எனக்கு விருப்பமில்லை. நிரைகளை அழிக்கவும் மனமில்லை. பெறுமானம் இல்லாமல் அப்படியே விட்டேன். கணினி மொழியில் இதுக்குப் பெயர் நல். நல்லது கெட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 'இங்கே ஒன்றும் பதியப்படவில்லை' எண்டதுதான் அர்த்தம்.

பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மெக்ஸ் கேட்டேன். கொழும்புக்கு வந்தது 2012 இன் கணக்கு, 23 இலட்சத்துக்கு மேல். அநேகமான மாவட்டங்களுக்கு அப்படித்தான். சனம் கூடிக்கொண்டே போகுது. யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் மட்டும் 1981 இன் கணக்கு வந்தது. கிளிநொச்சியைப் பிரித்துப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்தில் அப்போது 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம்.

இந்தக் கேள்வி வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. தரவுத்தளத்தில் இருக்கிற எல்லா நிரைகளையும் நம்மட பக்கம் அள்ளிக்கொண்டு வந்து தேடுவதில்லை. சீ ஷார்ப்பில் நாம் எழுதுகிற கேள்வி தரவுத்தளத்துக்கு விளங்குகிற மொழிக்கு மாறி அங்கே போகுது. தேடல் அங்கேயே நடக்கும். திரும்பி வருவது ஒரேயொரு எண். கோடிக்கணக்கான நிரைகள் இருந்தாலும் ஒரு எண்தான். மிகவும் வசதி.

ஆனால் அந்த வசதியில் ஒரு விசயம் மறைந்து போகுது. மெக்ஸ் வெறும் கட்டங்களைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை எதுவும் தராது. எண் மட்டும் வருகிறபடியால் எத்தனை கட்டங்களைத் தாண்டினது எண்டு நமக்குத் தெரியாது.

எண்ணோடு வருடமும் வேணும் எண்டு வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தேன்: யாழ்ப்பாணத்தின் நிரைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, முதலாவதைத் தா. வந்தது 1991. பக்கத்தில் எண் இல்லை, வெறும் கட்டம். முழுவதையும் எடுத்துப் பார்த்தால் 1991 உம் 2001 உம் மேலே, அதுக்குக் கீழேதான் 1981. சிநேகிதி விளங்கப்படுத்தினாள்: போஸ்ட்கிரெஸ் நல்லை எல்லா எண்களையும் விடப் பெரியதாக வைத்து அடுக்கும். வேறு சில தரவுத்தளங்களில் அது அடியில் போய் நிற்கும். "வெறுமையா இருக்கிறதை விலக்கச் சொல்லி ஒரு வரி சேர், சரியாயிடும்" எண்டாள்.

ஒரே தரவு, ஒரே கேள்வி. ஒரு முறையில் கேட்டால் 1981, இன்னொரு முறையில் கேட்டால் வெறுமை. எனக்கென்னவோ இரண்டாவது பதில்தான் நேர்மையானதாகப் பட்டது. 1981 க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஆகக்கூடச் சனம் இருந்த வருடம் எது? எண்ணிப் பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. இரண்டும் அந்த வெறும் கட்டங்களுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. யார் இருந்தார்கள், யார் போனார்கள் எண்டதை இந்த அட்டவணை சொல்லாது.

வகுப்பில் ஒருவர் "வெறுமையா விடாமல் பூச்சியம் போடலாமே" எண்டார். போடலாம், மெக்ஸ் மாறாது. ஆனால் ஆகக்குறைந்தது எது எண்டு கேட்டால் கணினி என்ன சொல்லும்? 1991 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சனமும் இல்லை எண்டு சொல்லும்.

அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. இதைச் சொன்னபோது சிரித்தா. "எண்ண ஆரும் வரேல்லை எண்டால் நாங்கள் இருக்கேல்லை எண்டே? விதானையாரிட்ட எங்கட கூப்பன் காட்டில எட்டுப் பேர் இருந்தனாங்கள்." பிறகு விரல் மடித்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னா. எட்டில் மூன்று பேர்தான் இப்ப இந்த மாவட்டத்தில் இருக்கினம்.

ஒப்படையில் நான் மெக்ஸை எடுத்து விடவில்லை. எண்ணப்பட்ட வருடங்களில் ஆகக்கூடியது 1981 எண்டு எழுதினேன். அதுக்குப் பக்கத்தில் இன்னுமொரு கேள்வியின் பதிலையும் போட்டேன். கணினியிடம் நிரைகள் எத்தனை எண்டும் கேட்கலாம், அவற்றில் நிரம்பியவை எத்தனை எண்டும் கேட்கலாம். முழு அட்டவணையில் 100 நிரைகள், நிரம்பியவை 68. யாழ்ப்பாணத்துக்கு நாலு நிரைகள், நிரம்பியவை இரண்டு.

இனி யாராவது 'ஆகக்கூடியது இதுதான்' எண்டு ஒரு எண்ணைக் கொண்டுவந்து காட்டினால், நீங்களும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. ஒரு வரிதான். கனநேரம் எடுக்காது.