இரண்டு தொட்டிச் செவ்வந்தி

வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வந்து கதவைத் திறந்தால், நம் ஊரில் அவனை வரவேற்பவை ஒட்டடையும் கரப்பான் பூச்சியும். இத்தாலியில் அந்தக் கைங்கரியத்தைச் செய்வது குளிர். உம்பிரியா மாகாணத்தில், இஞ்ஜீனோ மலைச் சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் குப்பியோ என்னும் சிற்றூரில் எங்களுக்கு ஜாகை. நாலு மாதம் மூடிக் கிடந்த அந்தக் கல் வீட்டுக்குள் அக்டோபர் கடைசியில் நானும் என் மனைவியும் நுழைந்தபோது, தெருவைவிட உள்ளே அதிகமாகக் குளிர்ந்தது. கனத்த சுவர், ஒரு முறை ஆறிவிட்டால் மறுபடி சூடேற நாலைந்து நாள் பிடிக்கும். அதுவரை கம்பளிச் சட்டையோடு உண்டு, கம்பளிச் சட்டையோடு உறங்க வேண்டியதுதான்.

இந்நாட்டில் வீட்டுக் கணப்புக்கும் சட்டம் உண்டு என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். 1993-ஆம் வருஷத்து விதிகள் இத்தாலி முழுவதையும் சீதோஷ்ணத்தை அனுசரித்து ஆறு மண்டலங்களாக வகுத்திருக்கின்றன. எங்கள் ஊர் ஐந்தாவது மண்டலம். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு 14 மணி நேரம் கணப்பு எரியலாம். சட்டம் அனுமதிப்பதை எரிவாயு ரசீது அனுமதிப்பதில்லை. ஆகவே நாங்கள் விறகடுப்பையே நம்பியிருக்கிறோம். குவிண்டால் கணக்கில் வாங்கும் விறகு, வெட்டி ஒரு வருஷமாவது காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைதான் மிஞ்சும்.

காலியாக விட்டுப் போன விறகறையைத் திறந்து பார்த்தேன். காய்ந்த ஓக் விறகு கூரை மட்டும் அடுக்கியிருந்தது! கீழ் வீட்டுப் பாட்டியின் வேலை என்று தெரிந்துகொண்டேன்.

சற்றைக்கெல்லாம் பாட்டியே ஒரு ரொட்டியோடு படியேறி வந்தாள். இப்பக்கத்து ரொட்டியில் உப்பு இராது. 1540-இல் போப் மூன்றாம் பால் உப்பு வரியை உயர்த்த, பக்கத்துப் பெரூஜியா நகரத்தார் அவரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார்கள். அன்று விட்ட உப்பை இன்றும் தொடவில்லை என்பது ஊர் வழக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் இதை லேசில் ஒப்புவதில்லை. 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களின் நாட்டிலிருந்து வந்த எனக்கோ, ஊர் வழக்கை நம்பத்தான் பிடித்திருக்கிறது.

ரொட்டியை மேஜை மீது வைத்துவிட்டுப் பாட்டி கேட்டாள்: "அம்மாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

ஆனி மாதத்தில் என் தாயார் மதுரையில் காலமானாள். செய்தி கேட்டு நான் போய்ச் சேருவதற்குள் தமையனார் எல்லாம் முடித்துவிட்டார். முகம் பார்க்கவில்லை. அஸ்தியை இராமேசுவரம் கடலில் கரைத்த அன்று உடனிருந்தேன், அவ்வளவுதான்.

"கடலில்" என்றேன்.

"கடலில் என்றால், எந்த இடத்தில்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும. நாங்கள் வந்த முதல் வருஷம், கடை வாசல்களில் செவ்வந்தித் தொட்டிகள் குவிந்திருக்கக் கண்டு, ஆசையாக ஒன்றை வாங்கிப் பாட்டியிடம் நீட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இத்தாலியில் செவ்வந்தி மயானத்துப் பூ. நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் நாள்; அதற்காகத்தான் அத்தனை தொட்டியும். உயிரோடிருப்பவருக்கு அதைக் கொடுப்பது, 'சீக்கிரம் போய்ச் சேர்' என்பது போல! விஷயம் விளங்கிய பின் ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அம்பாளுக்குச் சாத்துகிற பூவையா?" என்று வெகு நேரம் மனத்தாங்கலோடு பேசினாள்.

இவ்வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி காலையில், வழக்கம்போல் பாட்டிக்குத் துணையாக மயானத்துக்குப் புறப்பட்டேன். வாசலில் ஒன்றுக்கு இரண்டாகத் தொட்டிகள் இருந்தன. இரண்டும் மஞ்சள். ஒன்றை என் கையில் கொடுத்தாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே கல்லறைகள் பலவும் சுவரில் மாடங்களாக, ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். மூடிய கல்லில் இறந்தவரின் படம். பக்கத்தில் இரவும் பகலும் எரியும் சிறு மின்விளக்கு. பாட்டியின் கணவர் கீழ் வரிசையில் இருக்கிறார். பாட்டி தன் தொட்டியை வைத்துவிட்டு, என்னுடையதையும் அதன் அருகில் வைக்கச் சொன்னாள். கைக்குட்டையால் படத்தைத் துடைத்துக்கொண்டே கணவரிடம், "கொஞ்சம் நகர்ந்துகொள். இந்தப் பையனின் அம்மா வந்திருக்கிறாள். நெடுந்தூரப் பிரயாணம்" என்றாள்.

திரும்பும் வழியில் விறகுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். பாட்டிக்குக் காது சற்று மந்தம். அன்று அடியோடு கேட்கவில்லை.