127 பல்

எழுபதுகளில் கோவை மில்களின் ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து பழைய இயந்திரங்கள் ஏலத்துக்கு வரும். அப்படித்தான் அப்பா ஒரு இங்கிலாந்து லேத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். லைன் ஷாஃப்டில் ஓடிய லேத்து அது. தோல் பெல்ட்டு இறங்கும் மூன்று படிப் புல்லி இருந்தது, மோட்டார் இல்லை. "காயலான் கடைக்குப் போறத எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?" என்றாள் அம்மா.

சீமெண்ணெயும் பிரஷ்ஷும் என் பொறுப்பு. கிரீஸும் இரும்புப் பொடியும் சேர்ந்து இறுகியிருந்ததைச் சுரண்டச் சுரண்ட, கீழே மூன்று நிறத்தில் பெயிண்ட் வந்தது. லேத்தின் பெட்டை எங்கள் பட்டறை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். சக்குக்குப் பக்கத்தில்தான் கேரியேஜ் அதிகம் ஓடும், தேய்மானமும் அங்கேதான். நேர்விளிம்புக் கட்டையில் நீலம் பூசித் தேய்ப்பார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் ஸ்கிரேப்பரால் மெல்லச் சீவுவார். மறுபடி நீலம், மறுபடி சீவல். அந்தக் கோடை விடுமுறை முழுக்க அதே சத்தம்தான்.

அதன்பின் வந்தது பெரிய சிக்கல். 1956-லேயே மெட்ரிக் சட்டம் வந்துவிட்டது, பம்ப்செட்டுக்காரர்கள் மில்லிமீட்டர் மரை கேட்டார்கள். இந்த லேத்தின் லீட் ஸ்க்ரூவோ அங்குலக் கணக்கு. அங்குலம் 25.4 மில்லிமீட்டர், 5 அங்குலம் சேர்ந்தால்தான் முழு எண்ணாக 127 வரும். ஆகவே 127 பல் உள்ள கியர் வேண்டும். ஏலத்தில் அது வரவில்லை.

"கண்ணு, 127-ஐ எதால வகுக்கலாம்?" என்றார் மேஸ்திரி.

"எதாலயும் முடியாதுங்க மாமா."

"அதான் நம்ம தொல்லையே."

பக்கத்துப் பட்டறையில் மில்லிங் மெஷின் இருந்தது. அதன் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். 20 பல் என்றால் பல்லுக்கு 2 சுற்று. 127-க்கு ஏற்ற துளைவட்டம் அந்த ஹெட்டின் வழக்கமான துளைத்தட்டு எதிலும் கிடையாது. மேஸ்திரி 120 பல்லுக்குரிய கணக்கில் கைப்பிடியைச் சுற்றினார். பின்னால் மாட்டிய கியர்கள் தட்டையே எதிர்ப்பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்தின. மிச்ச ஏழு பல்லும் அந்த நகர்வில் கிடைத்தது. நான் பல்லுக்கு ஒரு சாக்பீஸ் கோடு சுவரில் போட்டேன். கடைசிப் பல், முதல் பல்லுக்குப் பக்கத்தில் இடைவெளி பிசகாமல் விழுந்தது.

127-க்குப் பதில் 63 பல் கியரை வைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. பிழை 8,000-ல் ஒரு பங்குதான். பம்ப் போல்ட்டுக்கு அது தாராளம். மேஸ்திரியிடம் அதைச் சொல்ல அப்போது யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

பழைய இங்கிலாந்து லேத்து வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். சக்குப் பக்கத்துப் பெட்டை விரலால் தடவுங்கள். கூட வரும் கியர்களில் 127 இருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.