ஒரே பாயில் ஒரு குறவஞ்சி!

தஞ்சாவூர் போயிருக்கீங்களா பாஸ்? 'ஓ... பெரிய கோயில் பார்த்தாச்சே!'ன்னுதானே சொல்வீங்க. அடுத்த தடவை போனா, கோயிலை விட்டு வந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீங்க. பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா. அதையொட்டி ஒரு பழைய தேவாலயம். ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் 1779-ல் கட்டியது.

உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். சாகும் தறுவாயில் கட்டிலில் படுத்திருக்கிறார் ஸ்வார்ட்ஸ். அவர் கையைப் பிடித்தபடி நிற்கிறார் மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798-ல் இறந்துபோன தன் குருவுக்காக, ஜான் ஃபிளாக்ஸ்மேன் என்ற இங்கிலாந்துச் சிற்பியிடம் சொல்லி மன்னர் செய்ய வைத்தது. வாத்தியாருக்குச் சிற்பம் வைத்த ஸ்டூடன்ட்! நாம வைக்கிறது பட்டப்பேரு மட்டும்தான்.

அதே வாத்தியாரிடம் படித்த இன்னொருத்தர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர் வேற வேதநாயகம், குழப்பிக்காதீங்க. இவர் திருநெல்வேலிப் பையன். சின்ன வயசிலேயே ஸ்வார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டு வந்துட்டார். இவர் எழுதினதுதான் 'பெத்லகேம் குறவஞ்சி'. நம்ம குற்றாலக் குறவஞ்சி ஸ்டைல்தான். தலைவி தேவமோகினி, பெத்லகேம் நாதர் மேல காதலாகிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். குறவன் வலை வீசுகிறான். ஆனா இங்கே வலை என்பது வேதம், சிக்கும் பறவைகள் மனிதர்கள். நடுவில் கோப்பர்நிகஸ் சொன்ன வானியலும் உலக பூகோளமும் வேற வருது. இருநூறு வருஷம் முன்னாடி சயின்ஸைப் பாட்டாப் போட்டிருக்கார் மனுஷன்!

இதை நான் லைப்ரரியில் தெரிஞ்சுக்கலை. தஞ்சாவூரைத் தாண்டி ஒரு சின்ன ஆலயம். அதன் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, அதாவது ஆலயத்தோட பிறந்த நாளுக்கு, ஊர் நாடகக் குழு இந்தக் குறவஞ்சியிலிருந்து பாட்டுக் கச்சேரி நடத்தினாங்க. நண்பன் இழுத்துட்டுப் போனான். இன்ஜினீயரிங் படிக்கிறேன்னு சொன்ன பாவத்துக்கு மைக் செட் என் தலையில் விழுந்தது!

குழுவில் ஒரு டெய்லர், ஒரு நர்ஸ், நாலு காலேஜ் பசங்க. மிருதங்கம் வாசிக்கிற தாத்தா ரிட்டயர்டு கண்டக்டர். வராந்தாவில் ஒரே பெரிய கோரைப்பாய், அதில்தான் எல்லாரும் நெருக்கியடிச்சு ஒத்திகை. கீபோர்டா மிருதங்கமான்னு ஒரு சண்டை. ரெண்டும் இருக்கட்டும்னு பத்து நிமிஷத்தில் சமாதானம்.

பெரிய சண்டை அப்புறம்தான். குறத்தியாகப் பாடுகிற பி.காம். பொண்ணு, கச்சேரிக்கு முன்னாடி படிக்க வேண்டிய புலவர் அறிமுகத்தை வாங்கிப் பார்த்தா. "இதுல பாதிக் கதைதானே இருக்கு?"

மீதிக் கதை இதுதான். 1820-களின் கடைசியில், புதுசா வந்த மிஷனரிகள் பைபிள் மொழிபெயர்ப்பை மாத்தினாங்க. பண்டிகைக்குப் பூ வேண்டாம்னாங்க. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை கூடாதுன்னாங்க. சாஸ்திரியார் எதிர்த்து நின்னார். விசிலடிக்கத் தோணுதா? பொறுங்க. சாதி வித்தியாசம் பார்க்காம எல்லாரும் சேர்ந்து உட்காரணும்னும் அவங்க சொன்னாங்க. அதையும் 'கொடுமை'ன்னு அதே லிஸ்ட்டில் சேர்த்தார் அவர்.

"பண்டிகை நாள்ல இது எதுக்கு ஆயி?" என்றார் தாத்தா.

"என் பாட்டியோட பாட்டியை அவர் இந்தப் பாயில உட்கார விட்டிருக்க மாட்டார் தாத்தா. அவர் பாட்டு எனக்குப் பிடிக்கும், பாடுறேன். ஆனா இதைச் சொல்லிட்டுதான் பாடுவேன்."

ரெண்டு நாள் ஒத்திகை நடக்கலை. டெய்லர் அண்ணன் அவ பக்கம். நர்ஸ் அக்கா, "குழு உடைஞ்சிடும்டா தம்பி"ன்னு என்கிட்டயே புலம்பினாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது, அவ அழுததைப் பார்க்கிற வரைக்கும்.

பண்டிகை ராத்திரி. சீரியல் லைட், சாம்பிராணி மாதிரி கொசுவத்திப் புகை, முன் வரிசையில் குட்டிப் பசங்க. அவளே மைக்கைப் பிடிச்சு மூணு வரி படிச்சா. அவர் தமிழ்ப் பாட்டுக்காகப் போராடினதையும் சொன்னா, சாதிக்காகப் போராடினதையும் சொன்னா. யாரும் கை தட்டலை. முன்னாடி இருந்த ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுட்டு வெளியே போனார். தாத்தா நிமிரவே இல்லை. மிருதங்கத்தில் விரலை வெச்சிட்டு அப்படியே இருந்தார். நான் ஆம்ப்ளிஃபயரையே பார்த்துட்டு இருந்தேன்.

அப்புறம் தாளம் விழுந்தது. அவ கூடையை இடுப்பில் இடுக்கிட்டுக் குறி சொல்ல ஆரம்பிச்சா பாருங்க... கடைசி வரிசைப் பாட்டிங்க எல்லாம் கூடவே பாடுறாங்க! புத்தகம் இல்லை, பேப்பர் இல்லை. வெளியே போனவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னபடியே கேட்டுட்டு இருந்தார். உள்ளே வரலை. வீட்டுக்கும் போகலை.

பந்தியில் சாம்பார் ஊத்துறப்போ தாத்தா அவகிட்ட வந்தார்.

"அடுத்த வருஷமும் அந்தச் சீட்டை நீயே படிச்சுடு ஆயி. மைக்கை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடி. இரையுது."

இரைஞ்சது மைக் இல்லை, நான் போட்ட ஒயரிங். அதை யார்கிட்டயும் சொல்லலை.